சென்னையின் பழைய நிலவரைபடங்கள்: கரையும் ஏரியும் குடியிருப்பும்

1. முன்னுரை

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன கல்வெட்டுகள், அரசாங்க ஏடுகள், பயணக் குறிப்புகள், திருச்சபைப் பதிவேடுகள் ஆகியவையே. நிலவரைபடங்களை அவர்கள் பெரும்பாலும் நூலின் முகப்பில் இணைக்கப்படும் அணியாகவே கொள்கின்றனர். ஆயின் வரைபடமும் ஓர் ஆவணமே. அதனை வரையப் பணித்தவர் யார், எந்நோக்கத்திற்காக அது வரையப்பட்டது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என்னும் வினாக்களை எழுப்பியே அதனைப் படித்தல் வேண்டும். திருமறை நூல்களை அவை தோன்றிய சூழலோடு சேர்த்துப் படிக்கப் பயின்றோர்க்கு இம்முறை புதியதன்று.

அளத்தலும் வரைதலும் திருமறைக்கு அயலானவையும் அல்ல. எசேக்கியேல் தீர்க்கதரிசி ஒரு செங்கல்லின்மேல் எருசலேம் நகரை வரையப் பணிக்கப்பட்டார். யோசுவாவின் புத்தகம் 18ஆம் அதிகாரத்திலோ, கோத்திரத்திற்கு மூவராகத் தெரிந்தெடுக்கப்பட்டோர் நாட்டைச் சுற்றிவந்து அதனை ஏழு பங்காக வகுத்து எழுதுகின்றனர். முன்னது முற்றுகைக்கு அடையாளம். பின்னது அதுவரை பங்கு பெறாதிருந்த ஏழு கோத்திரங்களுக்குப் பங்களிப்பதற்கான ஏற்பாடு. வரைபடம் ஒரு நகரைச் சூழ்ந்து நெருக்கவும் பயன்படும். நிலமற்றோர்க்கு நிலம் வழங்கவும் பயன்படும். சென்னை நகரின் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு வரைபடங்களை வரிசைப்படுத்தி நோக்கின், இவ்விருவகைப் பயன்களுள் எது மிகுந்திருந்தது என்பது புலனாகும். கடற்கரை, நீர்நிலைகள், எளியோர் குடியிருப்பு ஆகிய மூன்றும் அவ்வரைபடங்களில் எவ்வாறு இடம் பெயர்ந்தன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கோட்டையும் அதன் எல்லைகளும்

கி.பி. 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாயக்கரிடமிருந்து பெற்ற இடம் ஒரு குறுகிய மணற்பரப்பே. கிழக்கே கடல், தெற்கே கூவம், மேற்கே வடக்கிலிருந்து இறங்கிக் கூவத்தோடு கலந்த மற்றோர் ஆறு. இவற்றிடையே 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டையைச் சூழ்ந்து ஐரோப்பியர் குடியிருந்த பகுதி 17ஆம் நூற்றாண்டு ஏடுகளில் 'கிறிஸ்தவர் நகர்' எனப்பட்டது. பின்னர் அப்பெயர் வழக்கொழிந்து 'வெள்ளையர் நகர்' என்பதே நிலைத்தது. அதன் வடபுறத்தில் நெசவாளரும் வணிகரும் வாழ்ந்த பகுதி 'கறுப்பர் நகர்' ஆயிற்று. சமயத்தால் இடப்பட்ட பெயர் நிறத்தால் இடப்பட்ட பெயருக்கு வழிவிட்டது. சமயம் மாறுதற்குரியது, நிறம் அத்தகையதன்று. எல்லையைக் கடப்பதற்குத் திருமுழுக்கு ஒருகால் வழியாயிருந்திருக்குமேல், இப்புதிய பெயர் அவ்வழியையும் அடைத்துவிட்டது எனலாம்.

1698 முதல் 1709 வரை ஆளுநராயிருந்த தாமஸ் பிட் ஆணையிட்டு அளந்து வரைவித்த படம் சென்னையின் தொடக்க கால வரைபடங்களுள் தலைமை வாய்ந்தது. கோட்டை, கறுப்பர் நகரின் தெருக்கள், மதிற்சுவர், அப்பாலுள்ள பேட்டைகள், தோட்டங்கள் ஆகியவை அதனால் தெளிவாகின்றன. இப்படத்தைப் படிப்போர் அதே ஆளுநர் காலத்து மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1707இல் வலங்கை இடங்கைப் பிரிவினரிடையே, எத்தெருவில் எவர் ஊர்வலம் செல்லலாம் என்பது குறித்துப் பெரும்பூசல் மூண்டது. பெத்தநாயக்கன் பேட்டை வலங்கையினர்க்கும் முத்தியாலுப்பேட்டை இடங்கையினர்க்கும் உரியவை எனப் பிட் வகுத்தார். தெரு என்பது நடக்கும் வழி மட்டுமன்று, உரிமையின் எல்லையுமாகும் என்பதை அன்றைய மக்கள் நன்கறிந்திருந்தனர். கம்பெனியும் அதனை அறிந்து, சாதியின் எல்லையைத் தன் ஆட்சிமுறையின் எல்லையாக ஏற்றுக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலும் ஏடுகளிலும் 'பெரிய பறைச்சேரி' என ஒரு குடியிருப்பு குறிக்கப்பட்டிருப்பது இதன் தொடர்ச்சியே. வணிகர் தெருக்கள் தனித்தனிப் பெயர் பெற்றிருக்க, கம்பெனியின் இல்லங்களிலும் கடற்கரையிலும் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் இருப்பிடம் ஒரு சாதிப் பெயரால் மட்டும் சுட்டப்பட்டது.

1746இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1749இல் அது உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் திரும்பியது. இடைக்காலத்தில் பிரெஞ்சுக்காரர், கோட்டையை ஒட்டிய கறுப்பர் நகரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினர். எஞ்சியதைப் பின்னர் ஆங்கிலேயரே அகற்றினர். பகைவர் மறைந்துவரா வண்ணம் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பது படைத்துறையின் முடிபு. அவ்வெளியில் இருந்த சென்னக் கேசவப் பெருமாள் கோயில் 1757இல் இடிக்கப்பட்டது; அதற்கீடாகப் பின்னர்ப் பூக்கடைப் பகுதியில் கோயில்கள் எழுந்தன. ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டமும் அவ்வாறே அழிந்தது. கல்லறைக் கற்கள் புனித மரியாள் ஆலய வளாகத்திற்குக் கொணரப்பட்டன. பிட் காலத்துப் படத்தில் தெருக்கள் நெருங்கியிருந்த இடம் 1755இல் கான்ராடி வரைந்த படத்திற்குப் பிந்தைய படங்களில் வெறுமையாய் நிற்கிறது. இவ்வெறுமையில் எவரும் வீடு கட்டலாகாது என்பதற்காக 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. அதனைக் கடந்து செல்வோர் பலர். அது பெயர்த்தெறியப்பட்ட ஓர் ஊரின் எல்லைக்கல் என்பதை அறிவோர் சிலர். அவ்வெளியின் ஒரு பகுதியிலேயே 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது.

3. வேப்பேரியும் அருள்தொண்டும்

சென்னையில் சீர்திருத்தத் திருச்சபையின் அருள்தொண்டு ஏன் வேப்பேரியில் வேரூன்றிற்று என்னும் வினாவுக்கு வரைபடமே விடை கூறுகிறது. தரங்கம்பாடியிலிருந்து 1726இல் சென்னைக்கு வந்த பெஞ்சமின் சுல்ட்ஸே தம் பணியை முதலில் கறுப்பர் நகரிலேயே தொடங்கினார். 1746ஆம் ஆண்டுப் போரில் அவ்விடம் அழிந்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற பெப்ரீஷியஸ் ஐயர் பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்து, நகரம் திரும்பக் கிடைத்தபின் மீண்டார்.

அப்பொழுது கம்பெனியார், பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்னும் ஐயத்தால் கத்தோலிக்கக் குருமாரை வெள்ளையர் நகரினின்று வெளியேற்றினர். ஆர்மீனிய வணிகர் பெத்ரஸ் உஸ்கான் வேப்பேரியில் கட்டியிருந்த சிற்றாலயமும் பறிக்கப்பட்டு, 1752இல் பெப்ரீஷியஸ் வசம் ஒப்படைக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை நம் வரலாற்று நூல்கள் இறைவனின் பராமரிப்பு என்று எழுதிச் செல்வதுண்டு. அது ஓர் அரசியல் பறிமுதலின் விளைவு என்பதையும் சேர்த்து எழுதுதலே நேர்மை. ஒரு சபையாரின் இழப்பு மற்றொரு சபையாரின் ஆதாயமாயிற்று.

வேப்பேரி, கம்பெனி 1742இல் பெற்ற ஐந்து சிற்றூர்களுள் ஒன்று. மதிலுக்கு வெளியே இருந்தது. 1760களில் புதிய கறுப்பர் நகரைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலும் அதனை உட்கொள்ளவில்லை. அம்மதிலின் செலவுக்கு மக்களிடம் வரி பெறக் கருதியதன் நினைவாக 'வால்டாக்ஸ் சாலை' என்னும் பெயர் மட்டும் இன்றுவரை வழங்குகிறது. மதிலுக்கு அப்பாற்பட்டதாகையால் 1758இல் லாலியின் படை வந்தபொழுது வேப்பேரி சூறையாடப்பட்டது. பெப்ரீஷியஸ் மீண்டும் பழவேற்காட்டை நாடினார். காப்பற்ற இவ்விடத்திலிருந்தே அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அங்கிருந்து கொணர்ந்த அச்சுப்பொறியே வேப்பேரியில் நிறுவப்பட்டது. போரில் இழந்ததும் போரினால் பெற்றதும் ஆக, அருள்தொண்டின் இருப்பிடத்தையும் கருவிகளையும் கோட்டையின் வரைபடமே தீர்மானித்தது.

4. அளந்தவர் யார்?

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைபடக் கலை புதியதொரு நிலையை எய்தியது. கோட்டையையும் தெருவையும் காட்டும் நகர்ப்படம் போதாது. மலை, ஆறு, ஏரி, சாலை, ஊர் அனைத்தையும் அளவு பிசகாது காட்டும் இடவிளக்க வரைபடம் வேண்டும் என்று கம்பெனியார் கருதினர். வரி விதிக்கவும் படை நடத்தவும் அஃது இன்றியமையாததாயிற்று. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் அமைந்தது. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி தொடங்கிற்று. கிண்டிப் பொறியியற் கல்லூரி தன் தோற்றத்தை இப்பள்ளியிலேயே காண்கிறது.

இப்பள்ளிக்கு மாணவர் எங்கிருந்து வந்தனர்? எழும்பூரில் இயங்கிய ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்திலிருந்து. அவ்வில்லத்தின் கண்காணிப்பாளர் ஆங்கிலத் திருச்சபைக் குருவான ஆண்ட்ரூ பெல். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை இங்கு வளர்த்து, 1797இல் அதனை நூலாக வெளியிட்டவர் அவரே. மணலில் எழுத்தெழுதிப் பயிலும் நம் திண்ணைப் பள்ளி வழக்கத்தை அவர் கண்டு மேற்கொண்டார் என்பதும் அறியத்தக்கது. இல்லத்துச் சிறுவருள் பெரும்பாலோர் ஐரோப்பியப் போர்வீரர்க்கும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்தோர். இத்தகையோர் கம்பெனியின் உயர்பணிகளில் சேரலாகாது என 1791இல் தடை பிறந்தது. ஆகவே, ஆளும் பதவிக்கு ஆகாதவர் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளே, ஆள்வோர்க்கு வேண்டிய நிலத்தை அளந்து கொடுக்கும் குறைந்த ஊதியப் பணியில் அமர்த்தப்பட்டனர். வெயிலில் சங்கிலி இழுத்தவரும் கொடி பிடித்தவரும் இந்நாட்டு எளியோரே. படத்தின் மூலையில் பொறிக்கப்படும் பெயரோ மேலதிகாரியுடையது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியால், ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்தை, 57 நாள்களில் அவர் அளந்து முடித்தார். இவ்வடிக்கோட்டின்மீது முக்கோணங்களை அடுக்கியே இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அளக்கப்பட்டது. இமயத்தின் உயரமும் இவ்வழியே கணக்கிடப்பட்டது. தோமா அப்போஸ்தலரின் மரபோடு இணைந்த குன்றொன்று இந்திய நில அளவையின் தொடக்கமாயிற்று என்பதைப் பலரும் எடுத்துரைப்பர். எனினும் அக்கோட்டின் தென்முனை பெரும்பாக்கம் குன்றின் அருகே அமைந்தது என்பதைக் குறிப்போர் குறைவு. அவ்வூரைப் பின்னர் மீண்டும் காண்போம்.

5. நகர்ந்த கரை

கோட்டை கட்டப்பட்ட காலத்தில் அலைகள் அதன் கீழ்வாயிலுக்கு மிக அருகே வந்து மோதின. துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தன. நகரின் வாணிகம் முழுவதும் கரையோர மக்களின் தோள்வலியிலே நின்றது. கடலரிப்பும் இருந்தது; 1820களின் தொடக்கத்தில் கறுப்பர் நகரின் கரையைக் காக்கப் பொறியாளர் டி ஹாவிலண்ட் கல்லணை எழுப்பினார்.

1876இல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கிற்று. 1881 நவம்பரில் வீசிய புயல் கட்டிய பகுதியைச் சிதைத்தது. அவ்வேலை மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. கடலுக்குள் நீண்ட இரு சுவர்கள், எவரும் கட்டளையிடாத மற்றொரு வேலையையும் செய்தன. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் நகர்கிறது. தென்சுவர் அம்மணலைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து கடலைப் பின்தள்ளியது. வடக்கே மணல் வரவு நின்றமையால் கடல் நிலத்தை விழுங்கியது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினா உலாச்சாலைக்கு முன்னால் பரந்து கிடக்கும் மணல்வெளி, துறைமுகச் சுவர் ஈட்டித் தந்ததே. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையோ அரிக்கப்பட்டுக் கற்குவியல்களால் காக்கப்படும் நிலையை எய்தியது.

துறைமுகத்திற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு இது விளக்கமின்றியே விளங்கும். தென்பகுதிக்குக் கிடைத்தது காற்று வாங்கும் கடற்கரை. வடபகுதி மீனவர் இழந்தது படகு ஏற்றும் கரை. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. ஒரு பகுதியின் அழகும் மற்றொரு பகுதியின் அழிவும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்பதை வரைபடம் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது.

6. மறைந்த ஏரிகள்

இடவிளக்க வரைபடத்தின் உயிர்நாடி சமவுயரக் கோடு என்பர். மலைநாட்டுப் படத்தில் அக்கோடுகள் நெருங்கி ஓடும். நிலத்தின் ஏற்ற இறக்கம் ஒரு பார்வையில் தெரியும். சென்னைப் படத்திலோ நிலை வேறு. பழைய 'மைலுக்கு ஓர் அங்குலம்' என்னும் அளவுடைய தாள்களில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி பொதுவாக 50 அடி. பின்னர் வந்த 1:50,000 தாள்களில் 20 மீட்டர். சென்னையின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் சில மீட்டர் உயரமே உடையது. பரங்கிமலை ஒன்றே ஏறத்தாழ 300 அடி உயர்ந்து கோடுகளால் சூழப்பட்டு நிற்கிறது. எஞ்சிய நகரம் முதற்கோட்டிற்கும் கீழே, கோடற்ற வெறுந்தாளாய்க் கிடக்கிறது. மேடு பள்ளமே இல்லாத ஊர் இது என்று அயலவர் நினைக்கக்கூடும்.

உண்மையில் அம்மேடு பள்ளங்களைக் காட்டுவன ஏரிக்கரைகள். ஒரு முழம் சரிவையும் வீணாக்காது, மேட்டில் விழும் நீரைக் கரையிட்டுத் தேக்கி, மிகுநீரை அடுத்த ஏரிக்கு விட்டு, இறுதியில் ஆற்றிலும் கழிமுகத்திலும் சேர்த்த நம் முன்னோர், சமவுயரக் கோட்டை மண்ணின்மேலேயே வரைந்து வைத்திருந்தனர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை, அதன் நீளங்கருதி ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்றே தம் படங்களில் குறித்தனர். இதுவன்றி வியாசர்பாடி ஏரி, எழும்பூரின் ஸ்பர் டாங்க் எனப் பல நீலத்திட்டுகளைப் பழைய படங்களில் காணலாம்.

19ஆம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் இந்நிலத்தின் இயல்பை மதித்தனர் என்பதற்கு எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம் சான்று. 1821இல் திறக்கப்பட்ட அவ்வாலயத்தைக் கட்டிய டி ஹாவிலண்ட், அது நீரூறும் இளகிய மண் என்று கண்டு, இந்நாட்டு வழக்கப்படி உறைக்கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அடித்தளத்தை நிறுவினார். அதன் கோபுரத்தை வியப்போர், அது நிற்பது கிணறுகளின்மீது என்பதை அறிதல் நன்று.

20ஆம் நூற்றாண்டில் இம்மதிப்பு அகன்றது. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் கீழ் மாம்பலம் ஏரி வற்றச் செய்யப்பட்டு, 1920களில் தியாகராய நகர் உருவாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியும் படிப்படியாகத் தூர்ந்தது; 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அதன் படுகையில் எழுந்ததே. பெருகிவரும் மக்களுக்கு வீடு வேண்டும் என்பது மறுக்கவியலாத தேவை. அத்திட்டங்களை வகுத்தோர் தீயோரும் அல்லர். ஆயின் அவர்களுடைய வரைபடத்தில் ஏரி என்பது 'இன்னும் பயன்படுத்தப்படாத நிலம்' என்ற பொருளையே பெற்றது. தாளில் நீலம் மறைந்து தெருக்கோடுகள் தோன்றின. மண்ணின் சரிவோ மாறவில்லை. பெயர்கள் மட்டும் சான்று பகர்ந்து நிற்கின்றன: மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை, நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலை, தென்மேற்கே பழவந்தாங்கல். 'தாங்கல்' என்பது சிற்றேரிக்குரிய தமிழ்ப்பெயர் என்பதை அங்குக் குடியேறிய எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

நீர்வழிகளின் நிலையும் இதுவே. 1806இல் வடக்கே தொடங்கிய கால்வாய், 1877-78 பெரும்பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்குமாறு நீட்டப்பட்டது. ஒரு வேளைக் கஞ்சிக்காகப் பஞ்சத்தால் நைந்த மக்கள் தோண்டிய வாய்க்கால் அது. ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. 1990களில் பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் அக்கால்வாயிலேயே ஊன்றப்பட்டன.

7. சதுப்பும் மறுகுடியமர்த்தலும்

இந்திய நில அளவைத்துறையின் 66 சி, 66 டி என்னும் வரிசைத் தாள்களில் சென்னை அடங்கும். அவற்றின் தென்பகுதியில் பள்ளிக்கரணையைச் சுற்றிப் பரந்த சதுப்புநிலம் தீட்டப்பட்டுள்ளது. அறுபதுகளின் நடுவில் ஏறத்தாழ 5,000 எக்டேர் பரப்பு இருந்ததாகக் கணக்கிடப்படும் அச்சதுப்பு, பின்வந்த தலைமுறையில் அதன் பத்திலொரு பங்களவிற்குச் சுருங்கிற்று. குப்பைமேடும் சாலையும் அலுவலகக் கட்டடங்களும் அதனை விழுங்கின. 2022இல் அதன் 1,248 எக்டேர் பரப்பு, உலகளாவிய ராம்சார் உடன்படிக்கையின் கீழ்க் காக்கப்படும் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் கடலை அடையுமுன் தங்கிச் செல்லும் இடம் இது. இத்தாழ்நிலத்தைச் சார்ந்தே, நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை அக்குடியிருப்புகள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் திட்டமிடப்பட்டன. 2015 டிசம்பர் 1, 2ஆம் நாள்களில் அடையாறு பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்தது. வெள்ளத்தில் உடைமை இழந்த ஆற்றங்கரை மக்கள், வெள்ள அபாயத்தினின்று காக்கப்படுகின்றனர் என்னும் காரணம் கூறிப் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். அப்பகுதியோ அதே மழையில் நீர் சூழ்ந்து நின்ற பகுதி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையின் தாழ்நிலங்கள் நீரில் தத்தளித்தன.

இங்கேதான் 1802ஆம் ஆண்டு அடிக்கோடு நினைவிற்கு வருகிறது. நாடு முழுவதையும் பிழையின்றி அளப்பதற்கு எந்த ஊரினருகே கோட்டின் முனையை ஊன்றினரோ, அந்த ஊரின் நிலத்தைப் பற்றி அறியாமை என்று ஒருவரும் கூறவியலாது. ஏறக்குறைய 200 ஆண்டுகளாக அளந்து, வரைந்து, திருத்தி அச்சிடப்பட்ட நிலம் அது. அறிவு இருந்தது, அவ்வறிவு எளியோரின் பொருட்டுக் கலந்தாலோசிக்கப்படவில்லை.

ஓர் ஒப்புமை இதனைத் தெளிவாக்கும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்தின் பரந்த வெளிக்குச் சென்றது. அதன் பொறுப்பாளர் பல இடங்களை எண்ணிப்பார்த்துத் தாமே தெரிந்துகொண்ட இடம் அது. ஆதலின் அக்கல்வி நிலையம் அங்குச் செழித்தது. ஆற்றங்கரைக் குடும்பமோ ஒரு காலைப்பொழுதில் வண்டியேற்றப்பட்டு, வேலைக்கும் பள்ளிக்கும் பல மைல் அப்பால் இறக்கப்பட்டது. இரண்டும் இடப்பெயர்ச்சியே. முன்னவர் கையில் வரைபடம் இருந்தது. பின்னவர் வரைபடத்தின்மேல் இருந்தனர்.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். கோட்டைக்கு வெட்டவெளி தேவைப்பட்டபொழுது கறுப்பர் நகர் அகன்றது. துறைமுகம் தேவைப்பட்டபொழுது வடகரை மீனவரின் மணல் அகன்றது. வீட்டுமனை தேவைப்பட்டபொழுது ஏரி அகன்றது. ஆற்றங்கரை தேவைப்பட்டபொழுது அங்கிருந்த ஏழையர் சதுப்பிற்கு அகன்றனர். ஒவ்வொரு முறையும் முதலில் மாறியது தாள்; பின்னர் மாறியது தரை. 'பெரிய பறைச்சேரி' என்ற பெயரை இன்றைய படங்கள் தாங்கவில்லை. எனினும் தாழ்த்தப்பட்டோர்க்குத் தாழ்நிலம் என்னும் பழைய விதி புதிய பெயர்களின் கீழ்த் தொடர்கிறதா என்று வினவுதல் நம் கடமை.

இவ்வரலாற்றில் திருச்சபை வேடிக்கை பார்த்து நின்ற ஒன்றன்று. பறிமுதலான ஆலயத்தைப் பெற்றுக்கொண்டது. அநாதைச் சிறுவரை அளவைப் பணிக்கு அனுப்பியது. மேட்டுநிலங்களில் பரந்த வளாகங்களைப் பெற்றது. அதே திருச்சபை போரில் சூறையாடப்பட்டவர்களோடு இருந்தது. பஞ்சத்திலும் வெள்ளத்திலும் தன் வாயில்களைத் திறந்தது. இவ்விரண்டையும் மறையாது எழுதுவதே திருச்சபை வரலாற்றாசிரியரின் பணி.

சேகரங்களில் பணிபுரியும் ஆயர்க்கும் இறையியல் மாணவர்க்கும் இவ்வாராய்ச்சி ஒரு செயல்முறையைக் காட்டக்கூடும். தம் சேகரத்தின் பழைய நில அளவைப் படம் ஒன்றைத் தேடிப்பெற்று, இன்றைய தெருப்படத்தோடு ஒப்பிட்டு நோக்குக. ஆலயம் நிற்கும் இடம் முன்பு என்னவாயிருந்தது? ஏரியின் கலிங்கு எங்கே இருந்தது? மழைநீர் இப்பொழுது எவருடைய வீட்டிற்குள் நுழைகிறது? அவ்வீட்டார் எங்கிருந்து, எவ்வாண்டில், எவர் ஆணையால் அங்கு வந்தனர்? முதியோரைக் கேட்டு, ஆற்றங்கரையையும் ஏரிக்கரையையும் கால்நடையாகச் சுற்றிவந்து, விடைகளைச் சேகரப் பதிவேட்டில் எழுதி வைத்தல் நன்று. பிறப்பையும் திருமணத்தையும் அடக்கத்தையும் பதிவு செய்யும் ஏட்டில் நீர் போகும் வழியையும் பதிவு செய்தல் தகாததன்று. சபையார் வீடு வாங்கும்பொழுதும், மறுகுடியமர்த்தல் அறிவிப்பு வரும்பொழுதும், அப்பதிவு பேச்சுக்கு ஆதாரமாகும்.

யோசுவா அனுப்பிய மனிதர் எழுதிவந்த புத்தகத்தில் அந்நாட்டின் முன்னைய குடிகளுக்குப் பங்கு குறிக்கப்படவில்லை என்பதை இன்று நாம் கவலையோடு கவனிக்கிறோம். ஆகவே அதுவும் குறைவற்ற வரைபடமன்று. எனினும் பங்கு பெறாதவர் யார் என்ற வினாவோடு அவர்கள் அளவைக்குப் புறப்பட்டனர். சென்னையை அளந்தோர் பலர் அவ்வினாவைக் கேட்கவில்லை. அதனைக் கேட்டுக்கொண்டு பழைய தாள்களை விரிப்போர்க்கு, அவை இன்னும் சொல்ல வேண்டியவை பல உள.